மகளின் தைரொயிட்டை நான் குறைத்த கதை

எங்கள் வீட்டில் இரத்தப் பரிசோதனை றிப்போட் வாசிக்கும் உத்தியோகம் என்னுடையது. யாரும் நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் ஆங்கில எழுத்தும் இலக்கமும் தெரியும். அதற்கு மேல் ஒரு றிப்போட்டில் வேறென்ன இருக்கிறது? ஒரு பக்கம் எங்களுடைய அளவு, மறுபக்கம் இருக்க வேண்டிய அளவு. எங்களுடையது கூடிவிட்டால் பக்கத்தில் 'எச்' என்று ஒரு ஆங்கில எழுத்துக் காவல் நிற்கும். அவ்வளவுதான் வைத்தியம்.

என் கணவருக்குச் சுகர் கூடியபோது சீனியை நிறுத்தினேன், குறைந்தது. பிரஷர் கூடியபோது கருவாட்டை நிறுத்தினேன். சல்லிக் கரையில் இருபது வருசம் கரைவலை இழுத்து, இன்று சொந்தமாக ஒரு வலை வைத்து, ஆட்களை இழுக்கவிடுகிற சம்மாட்டியாகிவிட்ட மனுசன் அவர். கருவாடில்லாத சோற்றைப் பார்த்து ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் பிரஷரும் குறைந்தது. கொலஸ்ட்ரோல் கூடியபோது தேங்காய்ப்பாலில் கைவைத்தேன். மூன்று தரமும் டொக்டர் றிப்போட்டைப் பார்த்து "நல்லது" என்றார். மூன்று தரம் அப்படிக் கேட்டுவிட்ட ஒருத்தி, நான்காவது தரம் டொக்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்பாளா?

நான்காவது தரம் வந்தது என் மகளின் றிப்போட்.

அவளுக்குக் கலியாணமாகி நான்கு வருசம் பிள்ளையில்லை. நான் வைக்காத நேர்த்தியில்லை. மலையிலிருக்கும் கோணேசரிடம் அர்ச்சனை, வெள்ளிக்கிழமை விரதம், சல்லி அம்மாளாச்சிக்குப் பாற்செம்பு. இதற்கிடையில் அவள் ஒரு டொக்டரிடமும் போனாள். அவர் சோதித்து, தைரொயிட் குறைவு என்று சொல்லி, தினமும் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை கொடுத்தார். ஒரு வருசம் கழித்து அவள் முழுகாமல் இருக்கிறாள், வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தது. நான் நன்றியைச் செலுத்த வேண்டிய இடத்தில் செலுத்தினேன். குளிசைக்கு ஒரு துண்டுக் கற்பூரம்கூடக் கொளுத்தவில்லை.

மருமகனுக்குப் புல்மோட்டையில் வேலை, கிழமை முடிவில்தான் வருவார். அதனால் மகளை லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கூட்டிவந்த முதல்நாளே வீட்டுச் சட்டத்தைச் சொல்லிவிட்டேன். சாமிக்குப் படைக்காமல் இந்த வீட்டில் எதுவும் வாய்க்குள் போவதில்லை, அது குளிசையானாலும் சரி. காலையில் நான் முழுகி, விளக்கேற்றி, பால் காய்ச்சிப் படத்துக்கு முன்னால் வைப்பேன். பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டில் அவளுடைய குளிசைகள் இருக்கும். கிளினிக்கில் தந்த ஃபோலிக் ஒன்று, பிள்ளையின் எலும்புக்கென்று பார்மசியில் நானே வாங்கிவந்த கல்சியம் ஒன்று, அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை ஒன்று. பூசை முடிய எல்லாவற்றையும் அந்தப் பாலோடு ஒரே மூச்சில் விழுங்குவாள். தன் வீட்டிலிருந்தபோது அவள் எழும்பியவுடன் வெறும் தண்ணீரோடு வெள்ளைக் குளிசையைப் போட்டுக்கொண்டு திரிந்தவள். சாமி அறை சின்னதாக இருந்தால் அப்படித்தான்.

ஒருநாள் மெல்லச் சொன்னாள். "அம்மா, இந்தக் குளிசையை வெறும் வயித்தில தண்ணியோட போடச் சொன்னவை."

"படைச்ச பால் சாப்பாட்டில சேராது பிள்ளை" என்றேன்.

இந்தத் தீர்ப்பை நான் எங்கே படித்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

இரண்டாம் மாதம் கடைசியில் இரத்தம் எடுத்தார்கள். என் கணவர் ரவுணுக்குள் போய் றிப்போட்டை வாங்கிவந்து, வழக்கம்போல் பிரிக்காமல் என் கையில் தந்தார். ரி.எஸ்.எச் என்ற வரியில் எட்டுப் புள்ளி நாலு. நாலுக்குள் இருக்க வேண்டுமாம். பக்கத்தில் என் பழைய சிநேகிதன் 'எச்' நின்றது. அதற்குக் கீழே ஃப்ரீ ரி-ஃபோர் என்று இன்னொரு வரி. அதன் இலக்கம் எல்லைக்குள்தான், ஆனால் கீழ்ப்படியில் ஒட்டிக்கொண்டு நின்றது. எழுத்தொன்றும் போடாதபடியால் அதை நான் மதிக்கவில்லை. எழுத்துப் போடாத இலக்கத்தோடு எனக்கென்ன கதை?

குறைவு என்றுதானே குளிசை கொடுத்தார்கள்? இப்போது கூடிவிட்டது. இரண்டு மடங்கு. சுகருக்கு மருந்து போட்டுப் போட்டு அது இறங்கி மனுசர் மயங்கி விழுவதில்லையா, அதைப்போல் இது ஏறிவிட்டது என்று எனக்கு உடனே வெளித்தது. டொக்டரைக் காணும் கிளினிக் நாளுக்கு இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளை அதுவரைக்கும் பொறுக்குமா?

எனக்கு ஒரு ஐந்து வீதமாவது சந்தேகம் இருந்திருக்கும். அதைத் தீர்த்துவைக்கத்தான் நிலாவெளியிலிருந்து பஸ் ஏறி என் மச்சாள் வந்தாள். என் கணவரின் தங்கை. கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு. பல வருசத்துக்கு முன் தைரொயிட் ஒப்பரேசன் செய்தவள். அன்று தொடக்கம் எங்கள் சொந்தத்துக்குள் தைரொயிட் சம்பந்தமான கடைசி வார்த்தை அவளுடையது. அவளுக்கு இருந்தது கூடின வியாதி, என் மகளுக்கு இருந்தது குறைந்த வியாதி. இந்தச் சின்ன வித்தியாசத்தை அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

றிப்போட்டைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியை வீட்டில் விட்டுவந்திருந்தாள், அது ஒரு தடையாக இருக்கவில்லை.

"எனக்கும் உது கூடித்தான் மச்சாள் கத்தி வைக்கிற அளவுக்குப் போனது. நெஞ்சு அடிச்ச அடியில கட்டில் ஆடினது. பிள்ளைத்தாச்சிக்கு, கூடின சாமானுக்கு மேல இன்னும் போடுறதோ?"

மகள் கதிரையில் சாய்ந்திருந்தபடி, டொக்டரைக் கேட்காமல் நிறுத்தலாமா என்று கேட்டாள். கைபேசியிலும் தேடிப் பார்த்தாள். அது கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்று இரண்டு பக்கமும் கதைத்தது. அவளுக்கோ கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய பாடு. தாயும் மாமியும் ஒரே பக்கம் நிற்கும்போது எந்தப் பிள்ளை வெல்லும்?

இருந்தாலும் நான் தெய்வத்தைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்கிறவளில்லை. அம்மாளாச்சியின் படத்தில் செவ்வரத்தம்பூ ஒன்றை வைத்து, நிறுத்துவது சரியென்றால் பூ விழட்டும் என்று கும்பிட்டேன். பூ விழுந்தது. மேலே ஃபான் ஓடிக்கொண்டிருந்ததை நான் அவவிடம் சொல்லவில்லை. அவவுக்குத் தெரியாததா?

மறுநாள் காலை தட்டில் வெள்ளைக் குளிசை இல்லை. பாலும் கல்சியமும் வழக்கம்போல் போயின.

அடுத்த பன்னிரண்டு நாளும் நான் வைத்தியத்தில் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். மகள் பகலிலும் நித்திரை கொண்டாள். முழுகாமல் இருந்தால் அப்படித்தான் என்றேன். திருகோணமலை வெயிலில் நாங்கள் விசிறிக்கொண்டிருக்க அவள் போர்வை கேட்டாள். இரத்தம் பிள்ளைக்குப் போகிறது என்றேன். முகம் ஊதியது. பெண்பிள்ளை போலிருக்கிறது என்றேன். வயிறு இறுகியது. வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். குரல்கூடக் கொஞ்சம் தடித்தது. அதற்கும் ஏதோ ஒரு விளக்கம் சொன்னேன், இப்போது ஞாபகமில்லை. மச்சாள் போனில் விசாரித்துவிட்டு, பிள்ளை அமைதியாகிவிட்டாள் என்றால் தைரொயிட் இறங்குகிறது என்று அர்த்தம் என்றாள். எல்லாம் என் கணக்குப்படியே நடந்துகொண்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் மிட்வைஃப் வந்தார். மூதூர்ப் பக்கத்தவர், எங்கள் பகுதிக்குப் பொறுப்பு. முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். வயது என் மகளைவிட ஐந்தாறு கூட இருக்கும். தேத்தண்ணி வேண்டாமென்றுவிட்டு மகளின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், காலை அமத்திப் பார்த்தார், முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குளிசைகளைக் கொண்டுவரச் சொன்னார்.

வெள்ளைக் குளிசையின் அட்டையை எடுத்து மிச்சத்தை எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார்.

"இது கூடுதலாக் கிடக்குதே. எத்தினை நாள் போடேல்ல?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் பெருமையோடுதான் விளக்கம் சொன்னேன். றிப்போட்டையும் நீட்டி, 'எச்' நிற்கும் இடத்தை விரலால் காட்டினேன், அவருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அம்மா, இந்த ரி.எஸ்.எச் தைரொயிட் இல்ல. மூளைக்குக் கீழ ஒரு சின்னச் சுரப்பி இருக்கு, அது தைரொயிட்டைப் பாத்து வேலை செய் வேலை செய் எண்டு அனுப்புற கட்டளை. தைரொயிட் சரியா வேலை செய்தால் கட்டளை குறையும். வேலை செய்யாட்டித்தான் கட்டளை கூடும். இந்த இலக்கம் கூடினதெண்டால் பிள்ளைக்குத் தைரொயிட் காணாது எண்டு அர்த்தம். இந்தா, கீழ இருக்கிற இதுதான் தைரொயிட் தாற சாமான். எவ்வளவு கீழ நிக்குது பாருங்கோ."

நான் மதிக்காத வரியில் அவருடைய விரல் நின்றது.

எனக்கு விளங்கவில்லை. விளங்கக்கூடாது என்று மனம் பிடிவாதமாக நின்றது என்பதுதான் உண்மை. கூடினது எப்படிக் குறைந்ததாகும் என்று மறுபடியும் கேட்டேன். அப்போது வாசற்பக்கம் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த என் கணவர், பன்னிரண்டு நாளாக இந்த விசயத்தில் வாயே திறக்காதவர், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"கரையில கயிறு இழுக்கிறவங்கள் சோர்ந்து நிண்டால் சம்மாட்டி கத்துவான். எவ்வளவு சோர்வோ அவ்வளவு கத்துவான். நீர் கத்தல் கூடிப்போச்செண்டு இழுக்க வந்தவனை வீட்ட அனுப்பிப்போட்டீர்."

ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இந்த ஞானத்தை இரண்டு கிழமைக்கு முன்னரே அவிழ்த்துவிட்டிருக்கலாம். பிறகு ஒருநாள் அதைக் கேட்டேன். நீர் கேட்கவில்லையே என்றார்.

மிட்வைஃப் இன்னும் முடிக்கவில்லை. ஒழுங்காகக் குளிசை போட்ட காலத்திலேயே இலக்கம் ஏன் ஏறியது என்று விசாரித்தார். முழுகாமல் இருக்கும்போது உடம்புக்கு அது கூடுதலாகத் தேவைப்படும், அது ஒரு காரணமாம். மற்றக் காரணம் பித்தளைத் தட்டில் இருந்தது. பாலோடும் கல்சியத்தோடும் விழுங்கினால் தைரொயிட் குளிசை உடம்பில் சரியாகச் சேராதாம். விடிய எழும்பியவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரைமணி ஒருமணி நேரம் கழித்துத்தான் மற்றது எதுவும். கல்சியம் நாலு மணித்தியாலம் தள்ளி.

என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார் போலும். சாமி அறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "சாமியில பிழையில்ல அம்மா. பாலிலதான் பிழை" என்றார்.

பாலிலும் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். வேறொன்றைத்தான் கேட்டேன், பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று. முதல் மூன்று மாதமும் வயிற்றிலிருக்கிற பிள்ளைக்குச் சொந்தத் தைரொயிட் வேலை செய்யாது, தாயிடமிருந்துதான் எடுக்கும், மூளை வளருவதற்கு அது வேண்டும் என்றார். ஆகியிருக்கும் என்றும் சொல்லவில்லை, ஆகியிராது என்றும் சொல்லவில்லை. இன்றே குளிசையைத் தொடங்கி நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

அன்று மத்தியானம் நான் சாமி அறைக்குள் போனேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. நான்கு வருசம் ஒரு பிள்ளையைத் தா தா என்று அரித்தெடுத்து வாங்கிவிட்டு, தந்த பிள்ளைக்குப் போகவேண்டியதைத் தட்டிலிருந்து எடுத்து வைத்தவள் எந்த முகத்தோடு கேட்பாள்? விளக்கின் திரியை மட்டும் தூண்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து றிப்போட் வந்தபோது நான் அதைப் பிரிக்கவில்லை. உத்தியோகத்திலிருந்து விலகியாகிவிட்டது. நேரே டொக்டரின் மேசையில் வைத்தோம். ரி.எஸ்.எச் பதினைந்துக்கு மேல் போயிருந்தது. சம்மாட்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

டொக்டர் ஒரு சின்ன வயது மனுசி. இலக்கத்தைப் பார்த்துவிட்டு மகளிடம், குளிசை ஒழுங்காகப் போட்டுக்கொண்டே இவ்வளவா, அப்படியென்றால் அளவை நன்றாகக் கூட்ட வேண்டி வருமே என்றார்.

மகள் குனிந்தபடி, "நான்தான் டொக்டர், கொஞ்சநாள் மறந்துபோனன்" என்றாள்.

நான்கு வருசம் பிள்ளைக்காகக் காத்திருந்து, விடிய எழும்பியவுடன் குளிசைக்குக் கை நீட்டியவள், மறந்துபோனாளாம். அந்தப் பொய் எனக்காக. எனக்கும் அதற்குள் ஒளிந்துகொள்ள ஆசைதான். வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் எங்கள் ஊரவர்கள், இரண்டு பேருக்கு நானே வைத்தியம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பிழையான கதையை வைத்துக்கொண்டு டொக்டர் பிழையான அளவை எழுதிவிட்டால்? ஒருதரம் செய்தது போதாதா?

"இல்ல டொக்டர். அவள் மறக்கேல்ல. நான்தான் நிப்பாட்டினனான். பன்னிரண்டு நாள். அதுக்கு முதலும் பாலோட குடுத்தனான்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் எந்தக் கம்பஸில படிச்சனீங்கள்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். டொக்டர் மறுபடி பேனையை எடுத்து, எந்தத் திகதியிலிருந்து, எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குக் கல்சியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அளவை ஒரு படி மட்டும் கூட்டினார். வெளியில் வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏனம்மா சொன்னீங்கள் என்றாள். ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெத்துவிட்டேன், அதுதான் என்றேன்.

அன்றிலிருந்து காலை ஐந்து மணிக்குத் தண்ணீர்க் கோப்பையோடு அவளை நான்தான் எழுப்பினேன். சாமிக்குப் பால் ஆறு மணிக்குப் போனது. அம்மாளாச்சி ஆட்சேபனை ஒன்றும் சொல்லவில்லை. மச்சாளுக்கும் விசயம் எட்டியது. தான் அப்போதே டொக்டரைக் கேட்கச் சொன்னதாக அவளுக்கு நல்ல ஞாபகம் இருந்தது.

நாலு கிழமை கழித்து இலக்கம் இரண்டரைக்குப் பக்கத்தில் வந்தது. டொக்டர் "நல்லது" என்றார். நாலாவது தரம் கேட்கிறேன், ஒரு பெருமையும் வரவில்லை. இனி நடப்பது சரி, நடந்துபோன நாட்களுக்கு எந்த றிப்போட்டில் பதில் இருக்கிறது? ஸ்கானில் பிள்ளை கையைக் காலை ஆட்டியது. தலையின் அளவு சரி என்றார்கள். தலைக்குள் இருப்பதை அளக்க அந்த மெசினால் ஏலாது. அதை யாரிடமும் நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பெண்பிள்ளை பிறந்தது. அந்த ஒரு சாத்திரத்தில் மட்டும் எனக்கு வெற்றி. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்து பிள்ளையின் குதிக்காலில் குத்தி, ஒரு மட்டையில் இரத்தச் சொட்டுகளை ஒற்றி எடுத்தார். என்னத்துக்கு என்று கேட்டேன். பிள்ளையின் தைரொயிட்டைப் பார்க்க என்றார்.

நான் செய்தது கிளினிக் கொப்பி வழியாக இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்தேன். மிஸ்ஸி சிரித்துக்கொண்டு, இது பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் எடுப்பது என்றார். தாய் குளிசை விட்டதையும் சொல்லிப் பார்த்தேன், அதற்கும் இதற்கும் பெரிதாகத் தொடர்பில்லையாம். நான் அதை நம்பவில்லை. எனக்கு விரோதமான செய்திகளை மட்டும் நம்புவது என்று அந்த நாட்களில் முடிவெடுத்திருந்தேன். றிப்போட் எப்போது தருவீர்கள் என்றேன். றிப்போட் தரமாட்டார்களாம். ஏதாவது பிழையென்றால் இரண்டு மூன்று கிழமைக்குள் எங்களுக்குப் போன் எடுப்பார்களாம். பிழையில்லையென்றால் எடுக்கமாட்டார்களாம்.

கொடுத்திருந்தது என் போன் இலக்கம்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் போன் என் இடுப்பில் இருந்தது. குசினிக்குள், கிணற்றடியில், கோயிலில்கூட. அடித்தால் பயம், அடிக்காவிட்டால் சார்ஜ் இருக்கிறதா என்று பயம். அதிர்ஷ்டச் சீட்டு விழுந்திருக்கிறது என்று எவனோ ஒரு கள்ளன் கொழும்பிலிருந்து எடுத்தான். அவன் வெறும் கள்ளன்தான் என்று தெரிந்ததும் அவனுக்கு நன்றி சொன்னேன், அவனே வைத்துவிட்டான். மச்சாள் தினமும் எடுத்துப் பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டாள். எடுக்காதே என்று சொல்லவும் ஏலாது, ஏன் என்று சொல்லவும் ஏலாது. பிள்ளை கொஞ்சம் கூடுதலாக நித்திரை கொண்டால் போய்த் தட்டி எழுப்பினேன். மகள் மறுபடி தாலாட்டினாள்.

நாலாம் கிழமை மிட்வைஃப் பிள்ளையை நிறுக்க வந்தார். தராசில் பிள்ளை துள்ளியது. போன் இன்னும் வரவில்லை, நான் போய்க் கேட்டுப் பார்க்கவா என்று கேட்டேன்.

"இவ்வளவு நாளாக எடுக்கேல்லையெண்டால் இனி எடுக்கமாட்டினம் அம்மா. அதுதான் றிப்போட்" என்றார்.

எழுத்தில்லை, இலக்கமில்லை, பக்கத்தில் ஒன்றும் நிற்கவில்லை. இப்படி ஒரு றிப்போட்டை நான் வாசித்ததேயில்லை. அவர் போன பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளையின் துணிகளைத் தோய்க்கக் கிணற்றடிக்குப் போனேன். நிறைய இருந்தன, எல்லாவற்றையும் அலசிக் காயப்போட்டு வரப் பின்னேரமாகிவிட்டது.

உள்ளே வந்தபோது மகள் என் போனைத் தூக்கிக் காட்டினாள். சார்ஜ் போய்ச் செத்துக் கிடந்தது.

கிடக்கட்டும் என்றேன்.